பெயர்ப்பட்டியலைக் கேட்காதீர்கள்

ஆய்வு முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. ஆய்வுக் கோப்பை மூடத்தான் பல்கலைக்கழகத்தில் விடமாட்டேன் என்கிறார்கள். அரசாங்க மானியத்தில் ஆய்வு செய்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது என்ன கண்டுபிடிக்கப் போகிறாய், யாருக்குப் பயன் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். முடிக்கும்போது ரசீது எங்கே, முத்திரை எங்கே, கட்டுரை எங்கே என்பதோடு சரி. கணக்குக் கேட்பதைத் தப்பென்று சொல்லவில்லை. மக்கள் வரிப்பணம், காசுக்குக் காசு கணக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் இறுதி அறிக்கையோடு இப்போது கேட்டிருப்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் களைக்கு மருந்து அடித்த பெண்களைப் பற்றிய ஆய்வு இது. பால்மரம் என்கிற ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்த பிறகு, தெளிக்கும் பம்ப்பை முதுகில் மாட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் அம்மாக்களும் அத்தைகளும்தான். அடித்ததில் முக்கியமானது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. உள்ளே போனால் முறிக்க மருந்தே கிடையாது. மலேசியாவில் 2002இல் அதைத் தடை செய்யப் போவதாக அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட அத்தனை வருடமும் எங்கள் பெண்கள் அடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். நகம் கறுத்து விழுந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, முதுகில் மருந்து ஒழுகித் தோல் வெந்தது, இதையெல்லாம் கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாதவர்கள் எங்களிடம் சொன்னார்கள்.

ஏன் சொன்னார்கள்? "உங்க பேரு எங்கயும் வராது பாட்டி" என்று சொல்லி, தமிழில் எழுதின ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினோம். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அப்படித்தான் செய்யச் சொன்னது. இல்லாவிட்டால் வேலையைத் தொடங்கவே அனுமதி கிடைத்திருக்காது. பெயருக்குப் பதில் எண். படிவங்கள் பூட்டிய அலமாரியில். எல்லாம் விதிப்படி.

இப்போது அதே பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவு கேட்கிறது: பேட்டி கொடுத்த ஒவ்வொருவருக்கும் 30 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தீர்களே, அவர்கள் முழுப்பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், வங்கிக் கணக்கு எண், கையெழுத்து எல்லாம் சேர்த்து ஒரே பட்டியலாக இறுதி நிதி அறிக்கையோடு இணையுங்கள். இணைக்காவிட்டால் அந்தத் தொகையை நானே கட்ட வேண்டுமாம். ஒரு கட்டடத்தில் இருக்கும் இரண்டு அலுவலகம். ஒன்று பெயரைச் சொல்லாதே என்கிறது, இன்னொன்று பெயரைக் கொடு என்கிறது. இருவரும் எழுந்துபோய் ஒருவருக்கொருவர் பேசமாட்டார்களாம்!

அந்தப் பட்டியல் எத்தனை மேசைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். துறை, ஆய்வு அலுவலகம், நிதிப் பிரிவு, தணிக்கை. அந்தப் பெண்களில் சிலர் இன்னும் தோட்டத்து லயத்தில்தான் குடியிருக்கிறார்கள். மகனோ மருமகனோ அதே நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குகிறான். யார் என்ன பேசினார் என்று வெளியே தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வெறும் இணைப்புத் தாள்.

ஒரு பாட்டிக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுப்பது. இந்த மண்ணில் பிறந்து இந்த மண்ணிலேயே முதுகு வளைந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் நிரந்தரவாசியாகவே நின்றுவிட்டார். அவருக்குக் கொடுத்த 30 வெள்ளிக்கு, "வெளிநாட்டவருக்கான படிவத்தில் எழுதுங்கள்" என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சலைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது எனக்கு.

ரசீதுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் நிலையத்து ரசீது எல்லாம் வெப்பத்தாளில் அச்சடித்தது. நம் ஊர் வெக்கைக்கு ஓராண்டில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கின அன்றே எடுத்த நகல் இருக்கிறது, ஏற்கமாட்டார்கள், அசல்தான் வேண்டுமாம். தோட்டத்து முனையில் நாசி லெமாக் விற்கும் அக்காவிடம் பேட்டிக்கு வந்தவர்களுக்குப் பசியாற வாங்கினோம். அவருக்கு நிறுவனப் பதிவு எண்ணும் கிடையாது, முத்திரையும் கிடையாது. பதிவு பெற்ற உணவகத்தில் வாங்கியிருக்கலாமே என்கிறார்கள். செம்பனைக் காட்டுக்குள் எந்த உணவகம் திறந்து வைத்திருக்கிறார்கள்?

அடுத்தது கட்டுரை. ஸ்கோபஸ் என்ற உலகளாவிய ஆய்விதழ்ப் பட்டியலில் இருக்கிற இதழில் வெளியாக வேண்டும். இதழ்க்காரர்கள் படித்துத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பி முடிப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். மானியக் காலமோ அதற்குள் முடிந்து கணக்கு மூடிவிடுகிறது, வெளியீட்டுக் கட்டணத்தை யார் கட்டுவது? அதைவிட வலிப்பது வேறொன்று. அந்தப் பெண்களுக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதினோம். எந்த மருந்து என்ன செய்யும், கிளினிக்கில் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், கேள்வி வந்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்று பெரிய எழுத்தில். அறிக்கையின் வெளியீட்டுப் பகுதியில் அதற்கு இடமே இல்லை. கண்டதை அவர்களிடமே திரும்பப் போய்ச் சொன்னாயா என்று ஒரு கேள்விகூட அந்தப் படிவத்தில் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி மட்டும் சொத்து ஒட்டுவில்லையோடு திரும்பி வர வேண்டுமாம். அதில் பதிவான குரல்களை யார், எங்கே, எவ்வளவு காலம் பாதுகாப்பது என்று யாருமே கேட்கவில்லை.

இதெல்லாம் தீராத சிக்கலும் இல்லை. பேட்டி கொடுத்தவர்களின் தொகையை எண் போட்ட பற்றுச்சீட்டாலேயே கணக்கில் ஏற்கலாம். சந்தேகம் இருந்தால் நெறிமுறைக் குழுவிலிருந்து ஒருவர் வந்து, பூட்டிய அலமாரியைத் திறந்து, எண்ணிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும். ஒரு மத்தியான வேலை. மங்கிய ரசீதுக்கு அன்றே எடுத்த நகலை ஏற்கலாம். மானியம் முடிந்த பிறகும் கொஞ்சம் பணத்தை, மக்களிடம் போய்ச் சொல்வதற்கென்று தனியாக விட்டுவைக்கலாம். இதைக் கடிதமாக எழுதியும் கொடுத்தாயிற்று. "விதிமுறைப்படி" என்று தொடங்கும் ஒரு வரிதான் பதில்.

சரி, என் விதிமுறையையும் சொல்லிவிடுகிறேன். அந்த 30 வெள்ளிகளை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும். அறிக்கை முழுமையடையவில்லை என்று எழுதட்டும், அடுத்த மானியத்துக்கு என் பெயரைத் தள்ளி வைக்கட்டும். அந்தப் பாட்டிகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் என்னிடமிருந்து போகாது.