ரூத் கட்டிய வீடு

அமெரிக்கப் பாடகி ரூத் பிரவுன் பாடும்போது சில சொற்களின் முடிவில் குரல் சட்டென்று கீச்சிட்டு உடையும். 1950இல் வந்த 'டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்' பாட்டில் அது நன்றாகக் கேட்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜனரஞ்சக இசையான ரிதம் அண்ட் ப்ளூஸின் பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு அது.

வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவரின் மகள். அப்பா தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். மகளோ 17 வயதில் ஒரு டிரம்பெட் வாசிப்பவரோடு வீட்டை விட்டுப் போனவர். 1948இல் நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் பாடக் கிளம்பினார், வழியில் கார் விபத்து. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதே நோயாளிக் கட்டிலில்தான்.

அப்புறம் வரிசையாக ஹிட். அந்தச் சின்ன நிறுவனத்துக்கு 'ரூத் கட்டிய வீடு' என்றே பேர் வந்தது. பேஸ்பால் வீரர் பேப் ரூத்தை வைத்து, அவர் ஆடிய யாங்கி ஸ்டேடியத்துக்குச் சொன்ன அடைமொழியை இங்கே ஒட்டிவிட்டார்கள். எனக்கு இந்தப் பாராட்டு பிடிக்கவே பிடிக்காது. அந்த ரூத் 1930இல் வாங்கிய சம்பளம் 80,000 டாலர். இந்த ரூத் 1960களில் பள்ளிப் பேருந்து ஓட்டினார், வீட்டு வேலைக்குப் போனார்.

காரணம் ரசனை மாறியது மட்டுமல்ல, பற்று வரவுக் கணக்கும்தான். ஒலிப்பதிவுச் செலவையெல்லாம் பாடியவரின் ராயல்டியில், அதாவது விற்பனையில் அவருக்கு வர வேண்டிய பங்கில், கழிப்பார்கள். கழித்துக் கழித்து, வீடு கட்டியவரே கம்பெனிக்குக் கடன்காரர் ஆகிவிடுவார்! அந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் என்று சமாதானம் சொல்வார்கள். சரி, எல்லாரும் செய்தால் மட்டும் சரியாகிவிடுமா?

அவருடைய பெரிய சாதனை எது என்று கேட்டால் பாட்டைச் சொல்ல மாட்டேன். ஹோவெல் பெகிள் என்ற வக்கீலைக் கூட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அந்தக் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினாரே, அதைத்தான் சொல்வேன். 1988இல் அட்லாண்டிக் இறங்கி வந்தது. அவருக்கு மட்டுமல்ல, அவரைப் போன்ற வேறு சில பழைய பாடகர்களுக்கும் கடனைத் தள்ளிவிட்டு, பழைய ராயல்டியையும் கொடுத்தது. வயதான பாடகர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை தொடங்கவும் பணம் தந்தது.

மறு வருடம் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பாடி, அந்த மேடைக்கான டோனி விருது வாங்கினார். அப்போது அவருக்கு வயது 61.