அக்கா குறைத்த ஆறு கிலோ

ஞாயிறு நம்ம தோட்டத்து டிவிசனில் நடந்த மருத்துவ முகாம் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மைக்கில் பேசியவர், "ஆறு கிலோவோடு நின்றால் என்ன பிரயோசனம், வாயைக் கட்ட வேண்டாமா?" என்றார். கூட்டம் சிரித்தது. தலை குனிந்து நின்றது என் அக்கா.

ஆறு கிலோ சும்மா இல்லை. 82 கிலோவிலிருந்து 76க்கு வந்திருக்கிறாள், கிட்டத்தட்ட 7 சதவீதம். அக்காவைப் போல சீனி வருத்தத்தின் (நீரிழிவின்) எல்லையில் நின்றவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் வைத்த இலக்கே அந்த 7 சதவீதம்தான். சாப்பாட்டைக் குறைத்து, நடந்து அதற்காக முயன்றவர்களில் சீனி வருவது 58 சதவீதம் குறைந்தது. எடையில் 5 சதவீதம் இறங்கினாலே ஈரலும் தசையும் இன்சுலின் சொல்வதைக் கேட்கத் தொடங்கிவிடும். மெலிந்தது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், உள்ளே வேலை நடந்திருக்கிறது.

சரி, ஏன் நின்றது? எடை இறங்கினால் உடம்பு செலவைச் சுருக்கும். பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும், பசி கூடும். எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்டவர்களை ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோதும், உடம்பு ஓய்வில் எரிக்கும் சக்தி, அந்த உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. இதில் வாயைக் கட்டாத குற்றம் எங்கே வந்தது?

"எங்க பாட்டி கூடையோடு மலை ஏறினாள், அவளுக்கு ஏது சீனி?" என்பீர்கள். அக்கா கார்மென்டில் நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவள். மலை ஏறச் சொன்னால் எந்த நேரத்தில் ஏறுவாள்? சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னது தப்பா என்றால், தப்பில்லை. மைக்கில் சொன்னதுதான் தப்பு.

அவள் குறைத்ததை நான் பார்த்தேன். காலையில் ரெண்டு ரொட்டியில் ஒன்றைத் துணியில் சுற்றி மகனுக்கு வைப்பாள். பிளேன்டீக்குச் சீனி போடுவதையே விட்டாள். கட்டச் சம்பல் வாசத்துக்கு முன்னால் பசியோடு உட்கார்ந்திருப்பது லேசா? சிரித்தவர்களில் எத்தனை பேர் அரைக் கிலோ குறைத்திருக்கிறீர்கள்? நம்ம பிள்ளைகளை நாமே இப்படிக் கூனிக் குறுக வைத்தால் வேறு யார் மதிப்பார்கள்?

கிளினிக் அட்டையை அலமாரியில் துணிக்கு அடியில் போட்டுவிட்டாள். இனி வரமாட்டேன் என்கிறாள். எல்லையில் நிற்பவள் இரத்தம் பார்க்காமல் விட்டால், நாளைக்குச் சீனி ஏறினால், அதற்கு யார் பதில் சொல்வது?