அழிச்ச நம்பர்

(குமுளி. தமிழ்நாட்டுப் பக்கத்து டீக்கடை. சாலையைத் தாண்டினால் கேரளா. கம்பத்துக்காரர், கேரளத்து வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர், புது போனை முறைத்துக்கொண்டிருக்கிறார்.)

மருமகன்: என்ன மாமா, டீ ஆறுது?

மாமா: இதுல சிம் போடுற தட்டு ஒண்ணுதான்டா. கம்பத்து நம்பரப் போட்டுட்டேன். கேரளா நம்பர இ-சிம்மா, அதான் அட்டையே இல்லாம போனுக்குள்ள ஏத்துற சிம்மா, மாத்தலாம்னு மூணு நாளா மல்லுக்கட்டுறேன்.

மருமகன்: ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு, இ-சிம்முக்குக் கேக்குற இ-ஐடி நம்பரப் பாத்தீங்களா?

மாமா: பாத்தேன். 32 இலக்கம். காய் எண்ணுற மாதிரி எண்ணி எழுதுனேன். திரும்ப எண்ணுனா 31தான் இருக்கு.

மருமகன்: சரி, அப்புறம்?

மாமா: அந்த நம்பர்லருந்து இ-சிம் கேட்டு மெசேஜ் அனுப்புனேன். சம்மதம்னா ஒரு நிமிசத்துல 1 அனுப்புன்னு பதில் மெசேஜ். கண்ணாடியத் தேடி எடுக்கவே ரெண்டு நிமிசம். மறுநா ஒரு பொம்பள போன் பண்ணுச்சு. மலையாளம். “ஒந்நு அமர்த்துக”ன்னுச்சு. மரியாதையா உக்காரச் சொல்லுதேன்னு உக்காந்துட்டேன்.

மருமகன்: ஒண்ண அமுக்கச் சொல்லிருக்கு மாமா! இருவது வருசமா தோட்டத்துக்குப் போறீங்க...

மாமா: எனக்குத் தெரிஞ்சது ஏலக்கா மலையாளம்டா. மிஷின் மலையாளம் வேற.

மருமகன்: க்யூஆர் கோடு வந்துச்சா?

மாமா: மறுபடி கேட்டு, ஒண்ண அமுக்குன பெறகு மெயில்ல வந்துச்சு. இதே போன்ல! இதே போன வச்சு இதே போன எப்படி ஸ்கேன் பண்ண? பீரோக் கண்ணாடி முன்னாடி அரை மணி நேரம் நின்னேன். அப்புறம் உங்க அத்தை போனுக்கு அனுப்பி, அதப் பாத்துப் பிடிச்சேன். டவர் வந்துருச்சு!

மருமகன்: அப்ப முடிஞ்சுதே.

மாமா: எங்க முடிஞ்சது? பேங்க்ல ஓடிபி வரல. புத்தடி ஏலச் சந்தையில காய் வித்த பணம் வந்துச்சான்னு பாக்கணும்ல?

மருமகன்: சிம் மாத்துனா 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது மாமா. திருட்டுப் பயலுவ பணத்த எடுத்துரக் கூடாதுன்னு.

மாமா: 24 மணி நேரமா? நான் பழுதாயிருச்சுன்னு நெனச்சு அழிச்சுட்டேனே. அந்தக் கோட வச்சு மறுபடி ஏத்துனா ஏற மாட்டேங்குது.

மருமகன்: அது ஒரு தடவைக்குத்தான். புதுசா கேக்கணும். அந்த நம்பர்லருந்து மெசேஜ் அனுப்பணும்.

மாமா: எந்த நம்பர்லருந்து?

மருமகன்: நீங்க அழிச்ச நம்பர்லருந்து.

(போன் அடிக்கிறது. மாமா காதில் வைத்து, பேசாமலே மருமகனிடம் நீட்டுகிறார்.)

மாமா: உங்க அத்தை. தோட்டத்து நம்பருக்கு அடிச்சாளாம். எடுத்துப் பேசுன மலையாளத்துக்காரி யாருன்னு கேக்குறா. நீயே சொல்லு.