நூறு நாள் வேலைக்குப் பெயர் வைத்தது யார்?

இருபது வருடமாக ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் அடித்துப் பிழைக்கிறேன். ஒரு பெயர் ஊரில் நிற்குமா என்பது எனக்குக் கம்ப்யூட்டர் திரையிலேயே தெரிந்துவிடும். ஆறுக்கு நாலு பேனரில் ஒரே வரியில் அடங்கினால் பிழைத்தது. மூன்று வரியாக மடங்கினால், ரோட்டில் போகிறவர் தலைவர் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

சில வருடம் முன்பு ஓர் அலுவலகத்தில் இருந்து மேட்டர் வந்தது: மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம். நான் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் பண்ணி, மேலே பெரிதாக 'நூறு நாள் வேலை' என்று போட்டு, முழுப்பெயரைக் கீழே சின்ன எழுத்தில் வைத்தேன். "கவர்மென்ட் வெச்ச பேரை நீங்க மாத்துவீங்களா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் கைக்காசில் வேறு அடித்துக் கொடுத்தேன். அதைக் கண்மாய்க் கரையில் கட்டும்போது, மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓர் அம்மா கேட்டார்: "இது என்னப்பா, புதுசா எதுவும் திட்டம் வருதா?" அவர் வருடக்கணக்காக அதே வேலைக்குத்தான் வந்துகொண்டிருந்தார்.

சட்டம் 2005-ல் வந்தது, காந்தி பெயர் 2009-ல் சேர்ந்தது. ஆனால் 'நூறு நாள் வேலை' என்ற பெயரை டெல்லியில் யாரும் வைக்கவில்லை. என்ன கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஜனங்களே உதறிவிட்டார்கள்.

108-ம் அப்படித்தான். ஆந்திராவில் 2005-லேயே ஓடத் தொடங்கி, இங்கே 2008-ல் வந்தது. நூற்றியெட்டுத் தேங்காய், நூற்றியெட்டு விளக்கு என்று எண்ணிப் பழகிய வாய்க்கு அதைச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. இப்போது "நூத்தியெட்டு வந்துருச்சா?" என்றால் அது வண்டியின் பெயர்.

அரசாங்கம் வைத்ததிலேயே என்னை அசைத்த பெயர் ஒன்று உண்டு: தொட்டில் குழந்தை. 1992-ல் சேலத்தில் ஆரம்பித்தது. பெண் குழந்தையைக் கொன்றுவிடாதீர்கள், வளர்க்க முடியாவிட்டால் இங்கே விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் விஷயம். கோப்பு எழுதுகிறவர் கையில் கொடுத்திருந்தால் 'பெண் சிசுக்கொலை தடுப்பு மற்றும் மீட்பு' என்று ஏதாவது வந்திருக்கும். அந்த போர்டு பக்கம் எந்தத் தாய் போவாள்? போனாலே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? தொட்டில் என்ற சொல்லில் அதட்டல் இல்லை, விசாரணை இல்லை. பிள்ளையைக் கிடத்த ஓர் இடம், அவ்வளவுதான். அந்தத் திட்டத்தின் மேல் விமர்சனம் வைக்கிறவர்கள் உண்டு, அது வேறு பேச்சு. பெயர் வைத்தவருக்கு அந்த நிமிடத்துத் தாயின் முகம் தெரிந்திருக்கிறது.

2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' கூட நல்ல பெயர்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது என்பதை அந்தத் 'தேடி' சொல்லிவிடுகிறது. அதே வருடம் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. அப்புறம் கடைக்காரர்கள் வரைக்கும் தேடித் தேடி, என் கம்ப்யூட்டரில் 'தே' தட்டினாலே 'தேடி' என்று வந்து நிற்கிறது. ஒரு சொல்லை இப்படியா தேய்ப்பது!

ஜனங்கள் சுருக்குவதெல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். 2023-ல் மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கியபோது 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். உதவித்தொகை என்றால் கை நீட்டி வாங்குவது. உரிமை என்றால் கணக்கு கேட்டு வாங்கலாம். யோசித்து வைத்த சொல். எங்கள் தெருவில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? "ஆயிரம் ரூவா ஏறிடுச்சா?" நல்ல சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு ரூபாயை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். என் மனைவியும் அப்படித்தான் கேட்கிறாள்.

போன வாரம் மெஸ் திறக்கப்போகும் ஒருவர் வந்தார். குலதெய்வம், அப்பா, இரண்டு பிள்ளைகள், கடைசியில் 'மல்டி குசைன் ஃபேமிலி ரெஸ்டாரண்ட்' என்று துண்டுச் சீட்டு நிறையப் பெயர். இத்தனை நாள் தள்ளுவண்டியில் வடை போட்டவர். "ஊரில் உங்களை எப்படிண்ணே கூப்பிடுவாங்க?" என்றேன். "வடைக்காரர்" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. "அதையே வைங்க" என்றேன். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர், இன்னும் வரவில்லை. அட்வான்ஸும் கொடுக்கவில்லை.