ஆயிரம் ரூபாய்க்காக யாரும் வேலையை விடவில்லை

தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்குத் தரும் மகளிர் உரிமைத் தொகை வந்த பிறகு கிராமத்துப் பெண்கள் வேலைக்கு வருவதில்லை, கூட்டுக் குடும்பமும் உடைகிறது என்கிறது உங்கள் இதழில் வந்த கட்டுரை. முதல் பாதியை என்னால் ஏற்க முடியாது. மாதம் 1000 ரூபாய் என்றால் நாளுக்கு 33 ரூபாய்தான். அதை நம்பி யார் வேலையை விடுவார்கள்? உசிலம்பட்டிப் பக்கம் விடியும் முன்பே மல்லிகை பறிக்கப் போகும் பெண்கள் இன்றும் போகிறார்கள். அந்தப் பணம் கையில் இருப்பதால் தோட்டக்காரரிடம் முன்பணம் வாங்கிக் கட்டுப்பட வேண்டியதில்லை, கூலி குறைவென்றால் வேறு தோட்டம் பார்க்கலாம். ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலில் பாதி இதுதான். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், டவுனில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சம்பளத்தில் டிக்கெட் காசு மிஞ்சுகிறது.

குடும்பம் பற்றிச் சொன்னதில் உண்மை உண்டு. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான் தொகை. மாமியார் வாங்கினால் மருமகளுக்கு இல்லை. அதனால் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டே தனிக் கார்டு கேட்கிறார்கள். சில வீடுகளில் அது நிஜமான மனக்கசப்பாகவே மாறிவிடுகிறது, பார்க்க வேதனையாக இருக்கிறது. அந்தப் பெண்களைக் குறை சொல்லாதீர்கள் ஐயா. விதியை மாற்றி, தகுதியுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் அவர் பெயரிலேயே கொடுக்கச் சொல்லி எழுதுங்கள்.