புழுக்கொடியலும் கூழும் ஒன்றல்ல

ஒடியல் மா, அதாவது பச்சைப் பனங்கிழங்கைக் காயவிட்டு இடித்த மா, சாப்பிட்டால் சீனி வருத்தம் வராது, வந்தவருக்கும் எவ்வளவு சாப்பிட்டாலும் சீனி ஏறாது என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை எங்கட வன்னியில் கனபேர் நம்புகிறார்கள். போர்க்காலத்தில் பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) தறிபட்டது போக மிஞ்சிய பனைகள் எங்கள் சொத்து, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மருந்து எடுக்கிற ஒரு அம்மா இதை நம்பி மூன்று நேரமும் ஒடியற்கூழ் குடித்தால் யார் பொறுப்பு?

கிழங்கு ஒன்றுதான், அதை என்ன செய்து சாப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பச்சைக் கிழங்கில் மாப்பொருள் இறுகிய மணிகளாகக் கிடக்கும், சமிபாட்டு நொதியங்கள் அதற்குள் லேசில் போகாது. தண்ணீரில் கொதிக்க விட்டால் மணிகள் ஊதி உடையும், கூழ் தடிப்பது அதனால்தான், அப்படி உடைந்த மா கெதியாகச் சமித்து குளுக்கோசாகி இரத்தத்தில் சேரும். அவித்து ஆறவிட்டால் கதை வேறு. மாப்பொருளில் உள்ள அமைலோசு என்ற இழைகள் திரும்ப ஒன்றோடொன்று சேர்ந்து இறுகும், அதில் ஒரு பங்கு சிறுகுடலில் சமிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பற்றீரியாக்களுக்கு உணவாகும், அவை உண்டாக்கும் பியூட்டிரேற்று என்ற கொழுப்பமிலம் குடற்சுவருக்கு நல்லது. 1992இல் இங்கிலிஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் மாப்பொருளை 20 நிமிடத்துக்குள் சமிப்பது, 120 நிமிடத்துக்குள் சமிப்பது, அதற்குப் பிறகும் மிஞ்சுவது என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கில் அவித்துக் காயவிட்ட புழுக்கொடியலையும் சுடச்சுடக் குடிக்கும் கூழையும் ஒன்றாகச் சேர்க்கவே முடியாது. கூழுக்குள் மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் விழுவதால் வேகம் கொஞ்சம் குறையும், அது சரி.

இன்னொன்று, பச்சை ஒடியல் மாவுக்கு நச்சுத்தன்மை இருப்பதாக எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, சூட்டில் அது குறையும். மாவை ஊறவிட்டு, கயர்த்த தண்ணீரை ஊற்றி, நன்றாக அவித்துச் சாப்பிடும் எங்கட பழக்கத்தை விட்டுவிட்டு "இயற்கை உணவு" என்று பச்சையாகக் கரைத்துக் குடிப்பவர்களைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

பல ஆய்வுகள் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாப்பொருளில்தான் நடக்கின்றன. பிட்டாக, கூழாக, புழுக்கொடியலாக, நாங்கள் சாப்பிடும் கோலத்திலேயே அளக்க வேண்டும், மரவள்ளியையும் குளத்துக் கொட்டிக்கிழங்கையும் சேர்த்துத்தான். அந்த அளவு கிளினிக்கில் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். அது வரும்வரை மருந்தை நிறுத்தாதீர்கள், கூழ் குடித்தால் இரண்டு மணித்தியாலம் கழித்துச் சீனி பாருங்கள்.