நைனா கேட்ட ஒரே கேள்வி

கட்சிகளுக்குச் சர்வே எடுத்துத் தேர்தல் வியூகம் வகுத்துக் கொடுத்த பிரசாந்த் கிஷோரின் பெயர் எங்கள் நைனாவுக்கு வாயில் நுழையாது. 'அந்த பீகார் தம்பி' என்பார்.

2021 தேர்தலுக்கு முன்னால் விருதம்பட்டில் எங்கள் தெருவுக்கு டேப்லெட்டும் கையுமாக ஒரு பையன் சர்வே எடுக்க வந்தான். எந்தக் கட்சிக்காக என்று கடைசிவரை சொல்லவில்லை. நைனா முப்பது வருடம் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர். வாக்காளர் பட்டியலைக் கொடுத்தால் யார் செத்துப்போனார், யார் கல்யாணமாகி குடியாத்தம் போனார், எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் சொல்வார். பையன் அவரிடம் கேட்டது, "ஐயா, உங்க வயசு ஐம்பதுக்கு மேலயா?"

"இன்னாப்பா, பாத்தா தெரியலையா?"

சரி, கிஷோரின் திறமையைக் குறைத்துப் பேச முடியாது. 2014இல் மோடி, அடுத்த வருடமே அவரை எதிர்த்து நின்ற நிதிஷ். 2021 மே 2 அன்று மம்தா, ஸ்டாலின் இரண்டு பேரும் ஜெயித்தார்கள். அதே நாளில் கிஷோர் 'இனி இந்தத் தொழில் வேண்டாம்' என்றார். கொள்கை எதுவானாலும் தலைவரை மக்கள் மனதில் பதிய வைப்பது அவர் வித்தை. கொள்கை எதுவானாலும் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

ஆனால் அதே அலையில் எங்கள் காட்பாடியில் துரைமுருகன் கரையேறியது வெறும் 746 ஓட்டில். அந்த 746ஐக் கொண்டுவந்தது டேப்லெட் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். மத்தியானம் மூன்று மணிக்குப் பட்டியலைப் பார்த்து, ஓட்டுப் போடாதவர்களை வீடு தேடிப் போய்க் கூட்டிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கிஷோரே தலைவரானார். 2022 அக்டோபர் 2 அன்று சம்பாரண் பக்கமிருந்து நடக்க ஆரம்பித்தார், இரண்டு வருடம் கழித்து அதே தேதியில் கட்சி. ஊர் ஊராக நடந்ததை நான் மதிக்கிறேன், அது சும்மா இல்லை. நடுவில் 2025 பிப்ரவரியில் மாமல்லபுரம் வந்து விஜய் மேடையிலும் பேசிவிட்டுப் போனார். நவம்பரில் பீகாரில் 238 தொகுதியில் ஆள் நிறுத்தினார். கிடைத்தது சைபர். நிதிஷ் கட்சி 25ஐத் தாண்டாது என்று அடித்துச் சொன்னார், அது 85 வாங்கியது. ஊருக்கெல்லாம் ஜாதகம் கணித்தவருக்குத் தன் கட்டம் தெரியவில்லை. அவர் மட்டும் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. அரசியல்வாதியாக மாறிவிட்டேன் என்றவர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பழைய ஆலோசகராகவே இருந்துவிட்டார்.

அவர் விட்டுப்போனது இங்கே எல்லாக் கட்சியிலும் இருக்கிறது. வார் ரூம், சர்வே, வியூகம். வட்டச் செயலாளர் சொன்னால் தலைமை நம்பாது, எக்ஸெல்லில் வந்தால் நம்பும்.

பீகார் முடிவு வந்த அன்று நைனாவிடம் சொன்னேன். 238 என்றதும் பேப்பரை மடித்து வைத்தார்.

"எல்லா பூத்துக்கும் ஏஜென்ட் போட்டாரா?"

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் நைனா என்றேன். இன்னும் சொல்லவில்லை.